ஓனர் கஞ்சனா, ரூல் அப்படியா? என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சம்பளப் பட்டியல் பற்றிய விவாத இழை

#1 திருச்சி_டிரிபிளர்

2024-ல கோப்பை தூக்குன பாஸ்டன் செல்டிக்ஸை ஒரே கோடைல பிரிச்சு மேஞ்சுட்டாங்க. ஜ்ரூ ஹாலிடே போர்ட்லாண்டுக்கு, போர்ஸிங்கிஸ் அட்லாண்டாவுக்கு. அல் ஹார்ஃபோர்டும் லூக் கோர்னெட்டும் வேற டீம் பாத்துக் கிளம்பிட்டாங்க. 610 கோடி டாலர் மதிப்பு போட்டு டீமை வாங்குன பில் சிஸம் குரூப்புக்கு நாலு பேர் சம்பளம் பாரமா? கேட்டா எல்லாரும் "செகண்ட் ஏப்ரன்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க. அது நிஜமாவே கையைக் கட்டுதா, இல்ல பர்ஸைத் திறக்காம இருக்க ஓனருங்களுக்குக் கிடைச்ச சாக்கா? கணக்கோட சொல்றவங்க சொல்லுங்க. "எல்லாம் பிசினஸ் ப்ரோ" ரகப் பதில் வேண்டாம்.

#2 கணக்குப்பிள்ளை

தம்பி, முதலில் ஒரு திருத்தம். ஹாலிடே, போர்ஸிங்கிஸ் டிரேடுகள் (டீம்களுக்கிடையே ஆட்டக்காரர் பரிமாற்றம்) பேசி முடிந்தது 2025 ஜூனில். டீம் கைமாறியது ஆகஸ்டில். அப்போது பொறுப்பில் இருந்தது பழைய நிர்வாகம்தான்.

இனி ஒரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் போட்டிருக்கும் கோடுகள். கேப் அடிப்படை வரம்பு, டாக்ஸ் கோட்டைத் தாண்டினால் லீகுக்கு வரி, ஏப்ரன்களைத் தாண்டினால் டிரேடுகளுக்கும் ஒப்பந்தங்களுக்கும் கட்டுப்பாடு. 2025-26 சீசனுக்குச் சம்பள கேப் 15.46 கோடி டாலர். லக்சுரி டாக்ஸ் கோடு 18.79 கோடி. முதல் ஏப்ரன் 19.59 கோடி. இரண்டாவது ஏப்ரன் 20.78 கோடி.

கேப்பைச் சுவர் என்று நினைப்பவர்கள் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். அது வாசற்படிதான். தன் ஆட்டக்காரரைத் தக்கவைக்க எந்த டீமும் அதைத் தாண்டலாம். பழைய செல்டிக்ஸ் நட்சத்திரம் லாரி பேர்ட் பெயரில் வழங்கும் விதிவிலக்கு ('பேர்ட் உரிமை') அதற்காகவே இருக்கிறது. பணம் உண்மையில் கரையும் இடம் வரிக்கோடு.

வரியைத் தட்டுத் தட்டாகப் போடுவார்கள். 2025-26-ல் ஒரு தட்டு 56.85 லட்சம் டாலர். முதல் தட்டில் ஒரு டாலருக்கு 1 டாலர் வரி, இரண்டாவதில் 1.25, மூன்றாவதில் 3.50, நான்காவதில் 4.75. அதன்பின் தட்டுக்குத் தட்டு 50 சென்ட் ஏறும். முந்தைய நான்கு சீசன்களில் மூன்றில் வரி கட்டிய டீம் 'ரிப்பீட்டர்'. அதற்கு விகிதம் 3.00, 3.25, 5.50, 6.75.

கோட்டுக்கு மேல் 2 கோடி டாலர் போன ஒரு டீமை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய செகண்ட் ஏப்ரன் வாசலில் நிற்கும் டீம் அது. சாதாரண டீம் என்றால் 56.85 லட்சம், 71 லட்சம், 1.99 கோடி, மீதி 29.45 லட்சத்துக்கு 1.40 கோடி, மொத்தம் 4.67 கோடி வரி. ரிப்பீட்டர் என்றால் 8.67 கோடி.

அதே இடத்தில் நின்றுகொண்டு பெஞ்சின் கடைசி நாற்காலிக்கு ஒரு மினிமம் சம்பளக்காரரைச் சேர்க்கிறார்கள். அவர் கணக்கில் ஏறுவது 22.96 லட்சம். ரிப்பீட்டர் டீமுக்கு அவர் இழுத்து வரும் வரி 1.55 கோடி. சம்பளத்தையும் சேர்த்தால் 1.78 கோடி டாலர், துண்டு வீசிக் கைதட்டும் ஆளுக்கு.

ஓனர் தயங்குவது பெரும்பாலும் ஆட்டக்காரரின் சம்பளத்தைப் பார்த்து இல்லை. அவர் பின்னால் வரும் பெருக்கலைப் பார்த்து.

#3 ஆறாவது_ஆள்

அண்ணே, கணக்கு சரி. ஆனா அந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டை எழுதுனது யாரு? ஆட்டக்காரர் சங்கத்தோட போட்ட 2023 ஒப்பந்தத்துல ஓனருங்களே மேஜைல உக்காந்து கேட்டு வாங்குனது. தானே பூட்டு போட்டுட்டு "ஐயோ, கதவு திறக்கல"னு கத்துற மாதிரி இருக்கு.

#4 கணக்குப்பிள்ளை

மறுக்கவில்லை. ஆனால் அந்த மேஜையில் நடந்த பெரிய பேரம் வேறு. லீகின் கூடைப்பந்து வருமானத்தில் 49 முதல் 51 சதவீதத்துக்குள் ஆட்டக்காரர்களுக்கு என்று ஒட்டுமொத்தமாக எழுதியாகிவிட்டது. ஒவ்வொருவர் சம்பளத்திலும் 10 சதவீதத்தைப் பிடித்து எஸ்க்ரோ என்ற தற்காலிகக் கணக்கில் வைப்பார்கள். சீசன் முடிந்து கூட்டிப் பார்க்கையில் சம்பளங்கள் பங்கை மீறியிருந்தால் மீறியது ஓனர்களுக்குப் போகும், மிச்சம் ஆட்டக்காரர்களிடம் திரும்பும். பங்குக்குக் குறைவாக இருந்தால் குறைவதை லீக் ஈடுகட்ட வேண்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு ஓனர் 2 கோடியை மிச்சம் பிடித்தால் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமான மொத்தத் தொகை பெரும்பாலும் அப்படியே இருக்கும். எஸ்க்ரோ வழியே மற்றவர்கள் கைக்குப் போய்விடும். அவர் கைவிட்டது தன் டீமைத்தான். அதனால் கஞ்ச ஓனர் மீது முதல் கோபம் வரவேண்டியது டிக்கெட் வாங்கும் விசிறிக்கு. ஆட்டக்காரர் சங்கத்துக்கு அதில் நஷ்டம் குறைவு.

இன்னொரு கண்ணியும் உண்டு. வசூலாகும் வரியில் பாதி, வரி கட்டாத டீம்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. சமீப ஆண்டுகளில் தலைக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. கோட்டை ஒரே ஒரு டாலர் தாண்டினாலும் அந்தப் பங்கு மொத்தமும் போச்சு. பிப்ரவரி டிரேட் கெடு நேரத்தில் கோட்டுக்கு மேல் 10 லட்சத்தில் நிற்கும் டீம் எப்படியாவது ஒருவரைத் தள்ளிவிடத் துடிப்பது இதனால்தான். பெலிக்கன்ஸும் ஹார்னெட்ஸும் இதுவரை ஒரு தடவைகூட லக்சுரி டாக்ஸ் கட்டாத டீம்கள். புல்ஸ் 2012-13-ல் மட்டும் கட்டியது.

#5 ஆறாவது_ஆள்

அந்த 'பங்கு' 2011-க்கு முன்னாடி 57 சதவீதம்! 161 நாள் கதவடைப்பு நடத்தி, சீசனை 66 ஆட்டமா சுருக்கி, கீழ இறக்குனாங்க. அதாவது கஞ்சத்தனத்தைத் தனித்தனியா செய்யாம முப்பது பேரும் சேர்ந்து மொத்தமா ஒரே தடவைல செஞ்சு முடிச்சிட்டாங்க. அதுக்கு மேல தனியா கஞ்சத்தனம் பண்றது போனஸ்.

நஷ்டம்னு யாரும் சொல்லிடாதீங்க. டொனால்ட் ஸ்டெர்லிங் 1981-ல 1.25 கோடிக்கு வாங்குன கிளிப்பர்ஸ் 2014-ல 200 கோடிக்குப் போச்சு. முப்பது வருஷம் டீமுக்குச் செலவே பண்ணாத ஆளு. லீகை விட்டே துரத்துனாங்க, அப்பவும் லாபம்.

#6 சூரியனார்

கஞ்சத்தனத்துக்கு இலக்கணம் வேணும்னா ஃபீனிக்ஸ் சன்ஸ், 2004 முதல் 2010 வரை. ராபர்ட் சார்வர் 40.1 கோடிக்கு வாங்கினார். ஸ்டீவ் நாஷ், ஸ்டவுடமைர், ஷான் மேரியன்னு கோப்பைக்குக் கைக்கெட்டின தூரத்துல இருந்த டீம். அப்ப ஏப்ரனும் கிடையாது, ரிப்பீட்டரும் கிடையாது. ஒரு டாலருக்கு ஒரு டாலர் வரி, அவ்வளவுதான். அதனால "ரூல் அப்படி"ன்னு தப்பிக்க முடியாது.

ஜோ ஜான்சனுக்கு 2004-லயே கான்ட்ராக்ட் நீட்டிப்பு போட்டிருக்கலாம். சில லட்சங்களுக்குப் பேரம் பேசி விட்டாங்க. 2005-ல அட்லாண்டா 5 வருஷத்துக்கு 7 கோடி நீட்டுச்சு. ஈடு கொடுக்க உரிமை இருந்தும், மனசு கசந்துபோன ஆளு "வேண்டாம், விடுங்க"ன்னுட்டார்.

அப்புறம் பிக்குகளோட (டிராஃப்ட்ல புது ஆட்டக்காரரை வரிசைப்படி எடுக்குற வாய்ப்புகளோட) கதை. இந்தச் சங்கிலியைக் கவனமா படிங்க:

2006 டிராஃப்ட், 21-வது பிக். எடுக்கப்பட்ட ஆளு ராஜான் ரோண்டோ. பாஸ்டனுக்குத் தள்ளினாங்க, கூடவே பிரையன் கிராண்டோட கான்ட்ராக்டையும். கைக்கு வந்தது கிளீவ்லாண்டோட 2007 முதல் சுற்று பிக், கொஞ்சம் ரொக்கம். அந்த 2007 பிக் 24-வதா விழுந்துச்சு. அதுல எடுத்த ரூடி ஃபெர்னாண்டஸை, ஜேம்ஸ் ஜோன்ஸோட சேர்த்து போர்ட்லாண்டுக்கு 30 லட்சம் டாலருக்கு வித்தாங்க. ஆக ரோண்டோ கடைசில ரொக்கமா கரைஞ்சார். 2008-ல அவர் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

அதே 2007 ஜூலைல கர்ட் தாமஸ். சுமார் 80 லட்சம் சம்பளம், வரியோட சேர்த்தா 1.6 கோடி. அவரைத் தூக்கிட்டுப் போகச் சொல்லி சியாட்டிலுக்கு ரெண்டு முதல் சுற்று பிக்கைத் தட்சிணையா வச்சாங்க. அதுல 2008 பிக்ல வந்தவர் செர்ஜ் இபாகா.

லுவால் டெங் பிக்கையும் (2004, 7-வது) இந்தப் பட்டியல்ல சிலர் சேர்ப்பாங்க. அது நியாயம் இல்ல. அப்ப நாஷை வாங்க கேப்புல இடம் வேணும், 7-வது பிக்கோட சம்பளம் அந்த இடத்தை அடைக்கும். அது கணக்கு. மத்ததெல்லாம் கஞ்சத்தனம்.

#7 இடிமுழக்கம்

இபாகா பெயர் வந்ததால் அடுத்தது ஹார்டன் என்று தெரியும், நானே ஆரம்பிக்கிறேன். 2012 அக்டோபர் 27: ஓக்லஹோமா சிட்டி தண்டர் (முன்பு சியாட்டில் டீம்) ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு டிரேட் செய்த நாள். ஃபைனல்ஸ் ஆடி நான்கு மாதம். தண்டர் 4 வருஷத்துக்குச் சுமார் 5.5 கோடி வரை தரத் தயார். அதிகபட்சம் கிட்டத்தட்ட 6 கோடி. ஹூஸ்டன் போய் 5 வருஷம் 8 கோடி வாங்கினார். "50 லட்சத்துக்கு எம்.வி.பி.யை (லீகின் சிறந்த ஆட்டக்காரரை) விட்டார்கள்" என்பது அன்றிலிருந்து ஓடும் வசனம்.

பலர் விடும் விஷயம் இது: ஐந்தாவது வருஷத்தைத் தண்டர் தந்திருக்கவே முடியாது. ரூக்கி (புதுமுக) ஒப்பந்த நீட்டிப்பில் ஐந்து வருஷம் தருவதற்கான ஒரே இடத்தை வெஸ்ட்புரூக்குக்குக் கொடுத்தாயிற்று. அதுவரை விதி. நான்கு வருஷத்தில் முழு அதிகபட்சத்தைத் தராமல் விட்டது பர்ஸ். டுராண்ட், வெஸ்ட்புரூக், இபாகா மூவருக்கும் கொடுத்த பிறகு, 2013-14 முதல் வரப்போகும் புது வரித்தட்டைப் பார்த்துப் பயந்தார்கள்.

#8 ஆறாவது_ஆள்

பயந்தாங்க சரி. ஆனா அவர் கான்ட்ராக்ட்ல இன்னும் ஒரு சீசன் பாக்கி இருந்துச்சே! அந்த 2012-13-ஐ அவரோட ஆடி ஒரு தடவை முயற்சி பண்ணிட்டு, கோடைல டிரேட் பண்ணிருக்கலாம். சம்பளம் 60 லட்சத்துக்குள்ளதான். புது வரி அடுத்த வருஷம்தான் வருது. அக்டோபர்ல ஏன் அவசரம்?

#9 இடிமுழக்கம்

நீட்டிப்புக்கான கெடு அக்டோபர் 31. அதைத் தாண்டினால் அடுத்த கோடையில் அவர் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து வேறு டீமோடு பேசலாம், ஆனால் பழைய டீம் அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைக்கலாம்). அப்போது டிரேட் மதிப்பு கீழே விழும். வாங்கும் டீமுக்குத் தானே நீட்டிப்பு போடும் வசதி போய்விடும். கெவின் மார்ட்டின், ஜெரமி லாம்ப், இரண்டு முதல் சுற்று பிக் கிடைத்தது அந்தக் கெடுவின் அழுத்தத்தால்தான். அதில் ஒரு பிக் ஸ்டீவன் ஆடம்ஸ் ஆனது. இருந்தாலும் நீங்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு சீசனை விலையாகக் கொடுத்து டிரேட் மதிப்பைக் காப்பாற்றினார்கள்.

ஒன்று கவனிக்க: 2025-ல் கோப்பை வென்ற உடனே ஷாய், செட் ஹோம்கிரன், ஜேலன் வில்லியம்ஸ் மூவருக்கும் நீட்டிப்பு போட்டுவிட்டார்கள். 2027-28-ல் மூன்றும் ஒன்றாகக் கணக்கில் ஏறும்போது தெரியும் யார் எப்படி என்று.

#10 ஸ்காபரோ_செல்வன்

கணக்கு அண்ணை, கோடி லட்சத்தில எழுதினா எனக்கு ஒவ்வொரு முறையும் மனசுக்குள்ள மில்லியனா மாத்த வேண்டிக் கிடக்கு. நான் மில்லியன்லதான் எழுதுவன், கோவிக்காதேங்கோ.

வரி தப்புறதுக்கு ஒரு பாடப் புத்தகக் கேஸ் இருக்கு: சிக்காகோ, 2014 ஜனவரி. டெரிக் ரோஸ் காயப்பட்டு சீசன் போட்டுது. புல்ஸ் என்ன செய்தவை? லுவால் டெங்கை கிளீவ்லாண்டுக்குக் குடுத்து ஆண்ட்ரூ பைனத்தை வாங்கினவை. பைனம் புல்ஸுக்கு விளையாடவே இல்லை. அவருடைய சம்பளம் 12 மில்லியனுக்கு மேல, ஆனா ஜனவரி 7 வரைக்கும் உறுதி செய்யப்பட்டது 6 மில்லியன் மட்டும்தான். வாங்கின உடனேயே வெட்டி விட்டினம். டெங்கின்ட முழுச் சம்பளமும் பட்டியலால போச்சு, பைனத்தின்ட பாதி மட்டும் ஏறிச்சுது, டீம் வரிக்கோட்டுக்குக் கீழ இறங்கிச்சுது. ரிப்பீட்டர் எண்ணிக்கையும் தப்பிச்சுது. ரெண்டு தரம் ஓல்-ஸ்டார் ஆன ஆளைக் குடுத்து ஒரு பேப்பரை வாங்கின மாதிரி. சில பிக்குகளும் கிடைச்சது உண்மைதான்.

இன்னொண்டு. ராப்டர்ஸுக்கு வாற காசு கனக்கக் கனேடிய டொலரில, சம்பளமும் வரியும் அமெரிக்க டொலரில. நாணயம் விழுந்தா வரிக்கோட்டைத் தாண்டுற ஒவ்வொரு டொலரும் இன்னும் கூடச் சுடும். மற்ற 29 டீமுக்கும் இந்தத் தலையிடி இல்லை.

#11 பச்சைச்சட்டை

ஆரம்பக் கேள்விக்கு வருவோம். செல்டிக்ஸ் விஷயத்தில் பணம் பாதி, விதி பாதி என்பது என் கணக்கு.

பணம்: டேட்டம் 31.4 கோடி, பிரவுன் 28.5 கோடி ஒப்பந்தங்கள் ஓடிக்கொண்டிருக்க, அதே டீமை வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தாண்டும் என்பது அன்றைய மதிப்பீடு. அதுவும் டேட்டம் குதிகால் தசைநார் கிழிந்து உட்கார்ந்திருக்கும் சீசனுக்கு. 50 கோடி கட்டி இரண்டாம் சுற்றில் வெளியேற எவனும் சம்மதிக்க மாட்டான்.

விதி: செகண்ட் ஏப்ரனுக்கு மேல் இருந்தால் டிரேடில் இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. ரொக்கம் அனுப்ப முடியாது. அனுப்புவதைவிட ஒரு டாலர் கூடுதலாக வாங்க முடியாது. மிட்-லெவல் விதிவிலக்கு (கேப்பைத் தாண்டிய டீமும் வெளியாளை ஒப்பந்தம் செய்ய உதவுவது) அறவே கிடையாது. ஏழு வருஷத்துக்கு அப்பால் உள்ள முதல் சுற்று பிக் டிரேடில் கொடுக்க முடியாதபடி உறைந்துவிடும். 2024-25-ல் மேலே இருந்ததால் எங்கள் 2032 பிக் உறைந்தது. அடுத்த நான்கு சீசன்களில் இரண்டில் மறுபடி மேலே இருந்தால் அந்த பிக் சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும். மூன்றில் கீழே இருந்தால் உறைவு விலகும்.

கஞ்சத்தனமே இல்லாத ஓனராக இருந்தாலும் இந்தக் கடைசி விதிக்கு அஞ்சுவார். வரியைக் காசோலை எழுதித் தீர்த்துவிடலாம். பிக்கைக் காசு கொடுத்து மீட்க முடியாது.

ஒரு புகார் மட்டும் எனக்கு உண்டு. செகண்ட் ஏப்ரனுக்குக் கீழே இறங்கினால் போதும் என்றவர்கள், இறங்கியபின் "இவ்வளவு இறங்கிட்டோமே, வரிக்கோட்டுக்கும் கீழே போயிடலாமே" என்று பார்க்கத் தொடங்குவார்கள். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 2 கோடி டாலர் இருக்கிறது. அந்த 2 கோடிக்கு எந்த பிக்கும் உறையாது. அங்கே எடுக்கும் முடிவு முழுக்க பர்ஸின் முடிவு.

#12 திருச்சி_டிரிபிளர்

இதுதான் நான் தேடுன கோடு! அப்ப டென்வர்? 2023 கோப்பைக்கு அப்புறம் புரூஸ் பிரவுன் போனார், 2024-ல கால்ட்வெல்-போப் போனார். ரெண்டுக்கும் ஓனர் குரோன்கி குடும்பத்தைத்தான் திட்டுறாங்க.

#13 கணக்குப்பிள்ளை

ஒன்றுக்குத் திட்டுவது தவறு, மற்றதற்குத் திட்டலாம்.

புரூஸ் பிரவுன் டென்வரில் ஒரே சீசன் இருந்தவர். முழு பேர்ட் உரிமைக்கு ஃப்ரீ ஏஜென்டாக டீம் மாறாமல் மூன்று சீசன் வேண்டும். இரண்டு இருந்தால் பாதி உரிமை. ஒன்று மட்டும் இருந்தால் முந்தைய சம்பளத்தின் 120 சதவீதம் வரைதான். அவர் வாங்கியது 65 லட்சம், ஆகவே உச்சம் சுமார் 78 லட்சம். இந்தியானா கேப் இடம் வைத்திருந்தது, 2 வருஷத்துக்கு 4.5 கோடி கொடுத்தது. குரோன்கி வீட்டை விற்றாலும் அதற்கு ஈடு கொடுக்க விதி இடம் தராது.

கால்ட்வெல்-போப் வேறு. அவருக்கு முழு பேர்ட் உரிமை இருந்தது. அடுத்த சீசனுக்கான 1.54 கோடி ஆப்ஷனை விட்டு வெளியே வந்தார், ஆர்லாண்டோ 3 வருஷம் 6.6 கோடி தந்தது. டென்வர் தந்திருக்க முடியும். தந்திருந்தால் செகண்ட் ஏப்ரனுக்கு மேல் போயிருப்பார்கள். விலகினார்கள். ஆர்லாண்டோவில் அவர் ஆட்டம் இறங்கியது, அடுத்த கோடையில் மெம்பிஸுக்குத் தள்ளப்பட்டார் என்பதால் முடிவு தப்பில்லை என்று வாதிடலாம். முடிவு யாருடையது என்பதில்தான் சந்தேகம் இல்லை.

யாராவது டீம் விட்டுப் போனால் நான் முதலில் பார்ப்பது பேர்ட் உரிமை எத்தனை வருஷம் என்பதை. அது இல்லையென்றால் ஓனரைத் திட்டுவது வீண். இருந்தும் விட்டார்கள் என்றால், போன இடத்தில் கைம்மாறாக ஏதாவது ஆட்டக்காரரோ டிரேட் விதிவிலக்கோ (பின்னால் வேறொருவர் சம்பளத்தை ஏற்க உதவும் உரிமை) வந்ததா, அதைப் பயன்படுத்தினார்களா என்று பார்ப்பேன். பயன்படுத்தாமல் காலாவதி ஆகவிட்டால் அது பர்ஸ்.

#14 சூரியனார்

கொடுக்க மறுக்குற ஓனரை மட்டும் திட்டுறோம், அள்ளிக் கொடுத்தவரையும் கொஞ்சம் பாப்போம். சார்வர் 2022-ல லீகால இடைநீக்கம் ஆகி, 2023 பிப்ரவரில மேட் இஷ்பியா 400 கோடி மதிப்புல வந்தார். வந்த கையோட டுராண்ட், அப்புறம் பிராட்லி பீல். 2024-25-ல சம்பளம் 21 கோடிக்கு மேல, வரி மட்டும் 15 கோடிக்கு மேல. ரிசல்ட் 36 வெற்றி, 46 தோல்வி. பிளேஆஃபே இல்ல.

பின்னாடி பீலை எப்படிக் கழட்டினாங்கங்கறது தனிக் கலை. பாக்கி ரெண்டு வருஷம், சுமார் 11 கோடி. 'ஸ்ட்ரெச்' விதிப்படி பாக்கி வருஷத்தை ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டணும், அதாவது 5 வருஷத்துக்குப் பரப்பலாம். ஆனா ஒரு தடை: இப்படிப் பரப்பின செத்த பணம் எந்த சீசன்லயும் கேப்பில 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 15.46 கோடில அது 2.32 கோடி. 11 கோடியை அஞ்சால வகுத்தா 2.2. அது மட்டும்னா உள்ள வந்திருக்கும். ஆனா ஏற்கனவே நசீர் லிட்டிலோட ஸ்ட்ரெச் 31 லட்சம் உக்காந்திருக்கு. ரெண்டும் சேர்ந்தா தாண்டும். அதனாலதான் பீல் 1.39 கோடியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்துச்சு. வருஷத்துக்கு 1.94 கோடின்னு அஞ்சு சீசன் ஓடும். டீம் ஒரே அடில வரிக்கோட்டுக்குக் கீழ வந்துடுச்சு. விலை: 2029-30 வரைக்கும் ஆடாத ஆளுக்காகச் சம்பளக் கணக்குல ஒரு நல்ல ஸ்டார்ட்டருக்கான இடம் போச்சு.

அள்ளிக் கொடுத்தும் உருப்படலை. ஆனாலும் ரோண்டோவை 30 லட்சமா மாத்துன ஆளுக்கு இவரே மேல்.

#15 ஸ்காபரோ_செல்வன்

குடுக்க விரும்பினவைக்கு லீக் அடிச்ச கதையும் இருக்கு. மினசோட்டா ஜோ ஸ்மித்துக்கு எதிர்காலப் பெரிய கான்ட்ராக்ட் ஒண்டை ரகசியமா எழுதிக் குடுத்து, சின்னச் சம்பளத்தில வைச்சிருந்து பேர்ட் உரிமை சேர்க்கப் பாத்தவை. 2000-ல பிடிபட்டு 3.5 மில்லியன் அபராதம், அஞ்சு முதல் சுற்று பிக் பறிப்பு, ஓனர் கிளென் டெய்லருக்கு இடைநீக்கம். பிறகு ரெண்டு பிக் திருப்பிக் குடுத்தவை. கெவின் கார்னெட் இளமையில இருந்த காலம், அந்த பிக்குகள் போனது அவற்ற தலையிலதான் விடிஞ்சுது.

டபிள்யூ.என்.பி.ஏ. (பெண்கள் லீக்) பக்கம் இன்னும் வேடிக்கை. 2025-ல உச்சச் சம்பளம் 249,244 டொலர், கேப் கடுமையான சுவர். நியூயோர்க் லிபர்டி ஓனர் ஜோ சாய் தன்ர காசில 2021-ல தனி விமானம் பிடிச்சு ஆட்டக்காரியளை அனுப்பினதுக்கு லீக் 500,000 டொலர் அபராதம் போட்டுது. மற்ற ஓனர்மாரால முடியாததை நீ செய்யாதை எண்டு. ஆறாவது ஆள் சொன்ன 'கூட்டுக் கஞ்சத்தனம்' உதுதான்.

#16 திருச்சி_டிரிபிளர்

கடைசியா ஒண்ணு. பிப்ரவரி டிரேட் கெடு நேரத்துல ஒரு டீம் ஆட்டத்துக்காக டிரேட் பண்ணுதா, வரிக்காகப் பண்ணுதான்னு வெளில இருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

#17 கணக்குப்பிள்ளை

வரி கணக்கிடப்படுவது வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்தை ஒட்டிப் பட்டியலில் இருக்கும் தொகையை வைத்து. நவம்பரில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது யாருக்கும் கவலை இல்லை. இதிலிருந்து மற்றவை தானாக வரும்.

டிரேடில் ஒருவரை அனுப்பினால் அவருடைய முழு சீசன் தொகையும் உங்கள் பட்டியலிலிருந்து நீங்கும், மூன்றில் இரண்டு பங்கு சம்பளத்தை நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருந்தாலும். வெட்டிவிட்டால் நீங்காது. அதனால் பெஞ்சில் உறங்கும் 50 லட்சக்காரர் ஒருவர், கூடவே ஒரு இரண்டாம் சுற்று பிக்கும் ரொக்கமும், ஒரு பலவீனமான டீமுக்குப் போய், பதிலுக்கு யாரும் வரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். ரொக்கம் அவருடைய மீதிச் சம்பளத்தை ஈடுகட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு டீம் ஒரு வருஷத்தில் அனுப்பக்கூடிய ரொக்கம் கேப்பில் 5.15 சதவீதம், 2025-26 சீசனில் சுமார் 80 லட்சம். அதை ஜூலையிலேயே தீர்த்துவிட்ட டீம் பிப்ரவரியில் பிக்கைத்தான் கொடுக்க வேண்டிவரும்.

அடுத்தது ரோஸ்டர் (டீமின் ஆட்டக்காரர் பட்டியல்) எண்ணிக்கை. குறைந்தது 14 பேர் வேண்டும். அதற்குக் கீழே தொடர்ந்து 14 நாள், சீசனில் மொத்தம் 28 நாள்தான் இருக்கலாம். தள்ளிவிட்டபின் 12, 13 பேரோடு சரியாக அந்த 14 நாளைக் கடத்தி, பிறகு 10 நாள் கான்ட்ராக்ட், மறுபடி இடைவெளி, கடைசி வாரத்தில் ஒருவருக்கு முழு ஒப்பந்தம் என்று போனால் ஒவ்வொரு நாளையும் எண்ணுகிறார்கள் என்று பொருள். சீசன் 174 நாள். சம்பளம் நாள் கணக்கில் ஏறும். டூ-வே ஒப்பந்தக்காரர்கள் (என்.பி.ஏ.வுக்கும் அதன் துணை லீகுக்கும் இடையே போய்வருபவர்கள்) வரியில் சேர மாட்டார்கள், அவர்கள் நிமிடங்கள் திடீரென்று ஏறுவதும் ஒரு அடையாளம்.

மூத்தவர்களைக் கண்டு ஏமாற வேண்டாம். பத்து வருஷ அனுபவசாலியின் 2025-26 மினிமம் 36.34 லட்சம் என்றாலும் ஒரு வருஷ ஒப்பந்தமாக இருந்தால் டீம் கணக்கில் 22.96 லட்சம்தான், வித்தியாசத்தை லீக் கொடுக்கிறது. அதைவிட மலிவு வேண்டும் என்றால் டிராஃப்டில் எடுபடாத ஒரு ரூக்கியை மினிமத்தில் போடுவார்கள், 12.73 லட்சம்.

போனஸ்களையும் விடாதீர்கள். நடக்க வாய்ப்பில்லை என்று வகைப்படுத்திய போனஸ் கேப்பில் சேராது, ஏப்ரன் கணக்கில் சேரும். வரியிலோ உண்மையில் சம்பாதித்தால் மட்டும். கோட்டுக்குக் கீழே 3 லட்சம் இடைவெளியில் நிற்கும் டீமில் ஒருவர் 65 ஆட்டம் ஆடினால் 5 லட்சம் போனஸ் என்றிருந்தால், 64-வது ஆட்டத்துக்குப் பின் அவருக்கு முழங்கால் வலி வருகிறதா என்று பாருங்கள்.

#18 இடிமுழக்கம்

கணக்கண்ணே, ரூக்கி விஷயத்தில் ஒரு பிழை. டிராஃப்டில் எடுபடாமல் ஃப்ரீ ஏஜென்டாக வந்தவரை மினிமத்தில் போட்டால் கேப் கணக்கில் 12.73 லட்சம் சரி. வரிக்கும் ஏப்ரனுக்கும் அவர் இரண்டு வருஷ அனுபவசாலி அளவில், அதாவது 22.96 லட்சமாகத்தான் எண்ணப்படுவார். மூத்தவர்களை ஓரங்கட்டிவிட்டு டீம்கள் மலிவு ரூக்கிகளாகச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. டீம் தானே டிராஃப்டில் எடுத்த இரண்டாம் சுற்று ஆள்தான் உண்மைச் சம்பளத்தில் எண்ணப்படுவார்.

#19 கணக்குப்பிள்ளை

சரிதான், என் தவறு. மேலே உள்ளதை அழிக்கவில்லை, படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

#20 சூரியனார்

அப்ப பெருக்கிப் பாருங்க. வித்தியாசம் 10.23 லட்சம். நாலாவது தட்டுல நிக்கிற ரிப்பீட்டர் டீமுக்கு அதுக்கு வரி 6.75 மடங்கு, 69 லட்சம் டாலர். டிராஃப்ட் ராத்திரி 50-வது பிக்கை ரொக்கத்துக்கு வித்துட்டு, அந்த நாற்காலிக்கு எடுபடாத ரூக்கியைப் போடுற டீம், விலையா எவ்வளவு வாங்கியிருக்கணும்? 2017-ல புல்ஸ் 38-வது பிக்கை கோல்டன் ஸ்டேட்டுக்குக் கொடுத்தது 35 லட்சத்துக்கு.

#21 ஆறாவது_ஆள்

வாங்குனவன் வரி கட்டுறவன். வித்தவன் ஒரே ஒரு தடவை தவிர வரியே கட்டாதவன்.